ஃப்ளூ ஊசி: தென்கோளமா, வடகோளமா?

தண்டையார்பேட்டையில் இருக்கும் என் அத்தைக்கு ஆஸ்துமா. "ஃப்ளூ ஊசியை எப்போ போட்டுக்கலாம்?" என்று கேட்டார். நல்ல கேள்வி, ஏனென்றால் ஊசியில் இரண்டு பதிப்புகள் உண்டு: பூமியின் தென்பாதிக்கு (தென்கோளம்) ஒன்று, வடபாதிக்கு (வடகோளம்) ஒன்று.

தென்கோள ஊசிக்கான வைரஸ் வகைகளை உலக சுகாதார நிறுவனம் செப்டம்பரில் பரிந்துரைக்கும். பெரும்பாலும் கோழிமுட்டையில் வைரஸை வளர்த்து, சோதித்து முடிக்க ஆறு மாதம் போல ஆகிவிடும். தென்மேற்குப் பருவமழையோடு காய்ச்சல் ஏறும் டெல்லி, மும்பை போன்ற ஊர்களுக்கு, மழைக்கு முன் போட இது சரி.

வடகோள ஊசிக்கான பரிந்துரை பிப்ரவரியில் வரும்; அதே ஆறு மாதக் கணக்கில் ஊசி மழைக்கு முன் தயாராகிவிடும். நமக்குக் காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் தண்ணீர் தேங்குவது ஐப்பசி, கார்த்திகையில்தானே? ஃப்ளூவும் பெரும்பாலும் அந்த வடகிழக்கு மழையோடுதான் கூடுகிறது. ஏப்ரலில் போட்ட தென்கோள ஊசியின் பலம் அதற்குள் கொஞ்சம் குறைந்திருக்கும். அதனால் சென்னைக்கு நான் வடகோளத்தையே சொல்வேன்.

அப்புறம், ஃப்ளூ வைரஸில் ஒன்றான பி யமகாட்டா வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு எங்கும் உறுதியாகவில்லை. ஆகவே அதையும் சேர்த்த நான்கு வகை ஊசியைத் தேடி அலைய வேண்டாம், மூன்று வகை போதும்.

எதிர்ப்பு சக்தி உருவாக இரண்டு வாரம் ஆகும். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, அத்தையைப் புரட்டாசியிலேயே கூட்டிப்போகிறேன்.