அறுவைக்கு ஐந்து நட்சத்திரம், விளக்கத்துக்கு இரண்டு

அத்தைக்கு (மாமியார்தான்) ரங்கூனில் ஒரு தனியார் கண் மருத்துவமனையில் புரை எடுத்தோம். பாக்கோ முறை (புரையை ஒலி அதிர்வால் உடைத்து உறிஞ்சி எடுப்பது): 3 மில்லிமீட்டருக்கும் குறைவான கீறல், தையல் இல்லை, அன்றைக்கே வீடு. டாக்டர் கை சுத்தம். கட்டுப் பிரித்ததும் அத்தை என் முகத்தைப் பார்த்து “என்னடி இப்படிக் கருத்துட்டே?” என்றார்.

குறை எங்கே என்றால், சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. அறிவுரைத் தாள் முழுக்கப் பர்மிய மொழி. அத்தைக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். கண்ணோரம் தனக்கா (பர்மாவில் முகத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்து) பூசக்கூடாது என்பதைக்கூட நான் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வலியும் சிவப்பும் கூடிப் பார்வை குறைந்தால் உடனே ஓடிவர வேண்டும் என்பதையும் அப்படியே. தொற்று அபூர்வம், வந்தால் கண்ணே போகலாம். இதையா கேட்டு வாங்குவது?

சில மாதத்தில் பார்வை மறுபடி மங்கியது. புரை திரும்பிவிட்டதென்று ஒரே அழுகை. எடுத்த புரை திரும்ப வராது. புரைக்குப் பதிலாகக் கண்ணுக்குள் வைத்த லென்சுக்குப் பின்னாலுள்ள சவ்வு மங்குவதுதான் அது. யாக் லேசரில் சில நிமிட வேலை, தெளிந்துவிட்டது. முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கிட்டத்தில் வாசிக்க இன்னும் கண்ணாடி வேண்டும். ஒரே தூரத்துக்கு மட்டும் தெளிவு தரும் ஒற்றைக் குவிய லென்ஸ் அப்படித்தான். இடது கண்ணுக்கும் அங்கேதான் போகிறோம், திஞ்ஞான் (பர்மியப் புத்தாண்டு) தண்ணீர்க் கூத்து முடியட்டும்.