பீடத்துக்கு ஏற்ற மெழுகுத்துணி: மயிலாப்பூரில் கிடைக்கும் இரண்டு வகைகள்

மயிலாப்பூரில் இயற்கை விளைபொருட்கள் விற்கும் கடை ஒன்றில் தேன்மெழுகு ஏற்றிய பருத்தித் துணி இரண்டு வகையாகக் கிடைக்கிறது. உணவைப் பொதிவதற்காகக் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து செய்தது ஒன்று. வெறும் மெழுகு மட்டும் ஏற்றி மீட்டர் கணக்கில் விற்பது மற்றொன்று. கடலுக்கு அருகில் உள்ள ஒரு கிறிஸ்தவச் சிற்றாலயத்தின் பீடத்தைப் பேணும் பொறுப்பில் நான் இருப்பதால், பீடக்கல்லுக்கும் வெள்ளைத் துணிக்கும் நடுவே விரிப்பதற்காக இரண்டையும் வாங்கினேன். ஐப்பசி, கார்த்திகை மழையோடு கடற்காற்றும் சேர்ந்தால் கல் ஈரம் கோத்துக்கொள்ளும். மேலே விரித்த துணியில் பூஞ்சைப் புள்ளிகள் விழுந்துவிட்டால் எந்தச் சலவையிலும் அவை போவதில்லை.

இது புதிய ஏற்பாடு அன்று. கத்தோலிக்க மரபில், ஆயர் கிறிஸ்மா என்னும் திருத்தைலம் பூசிப் பீடத்தை நேர்ந்தளித்த பிறகு, தைலமும் கல்லின் ஈரமும் மேலே ஊறாதபடி மெழுகேற்றிய லினன் துணியை முதலில் விரித்து, அதன் மேல் 3 வெள்ளைத் துணிகளைப் போடுவார்கள். இன்று ஒரு வெள்ளைத் துணியே போதும் என்று விதி தளர்ந்துவிட்டது. ஆயினும் நேர்ந்தளிப்புச் சடங்கில், தேவைப்பட்டால் ஈரம் புகாத துணியை அடியில் விரிக்க இப்போதும் இடம் உண்டு.

இதே துணிதான் ஐரோப்பிய அரசர்களின் உடலையும் காத்தது. 1307இல் இறந்த இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் கல்லறையை வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் 1774இல் திறந்தபோது, தடித்த மெழுகுத் துணியில் பொதிந்திருந்த அவருடைய உடல் பெரிதும் சிதையாமல் இருந்தது. 1649இல் தலை வெட்டப்பட்ட இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் சவப்பெட்டியை 1813இல் வின்சர் கோட்டையில் திறந்து பார்த்த மருத்துவர் ஹென்றி ஹால்ஃபோர்ட், மெழுகுத் துணியின் மடிப்புகளுக்குள் காற்று நுழையாதபடி, பிசின் கலந்தது போன்ற கொழுப்புப் பொருளை உருக்கி ஊற்றியிருந்ததாகப் பதிவு செய்திருக்கிறார்.

அந்தக் குறிப்பை வைத்துப் பார்த்தால், கடையில் உள்ள உணவுத்துணி பீடத்துணிக்கு அல்ல, அடக்கத்துணிக்கே உறவு. குங்கிலியப் பிசினும் எண்ணெயும் அதை ஒட்டச் செய்கின்றன. கிண்ணத்தின் வாயை மூட அது மிக நல்லது, பீடத்துக்கு ஆகாது. விரித்த சில நாட்களிலேயே மேலிருந்த வெள்ளைத் துணி அதனோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தபோது மங்கலான எண்ணெய்க் கறை தெரிந்தது.

வெறும் மெழுகுத் துணியைப் பற்றி மனநிறைவோடு சொல்ல முடிகிறது. தெளித்த நீர் முத்துமுத்தாக நிற்கிறது, அடியில் இறங்குவதில்லை. கையில் வைத்துத் தேய்த்தால் தேன் மணம் வருகிறது. பாரஃபின் மெழுகில் இந்த மணம் இராது. தேன்மெழுகு உருகுவதற்கு 62 முதல் 64 பாகை செல்சியஸ் வேண்டும் என்பதால், கத்திரி வெயிலில் மின்சாரம் நின்ற பகல்களிலும் துணி இளகிக் கொடுத்ததே தவிர, மெழுகு உருகி வழியவில்லை. பருவமழை முடிந்து எடுத்துப் பார்த்தபோது வெள்ளைத் துணியின் அடிப்பக்கம் உலர்ந்தே இருந்தது. இதற்காகத்தான் வாங்கினேன்.

குறைகளும் உண்டு. அகலம் போதாததால் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி விரிக்க வேண்டியிருக்கிறது. மடித்து வைத்தால் மடிப்பில் மெழுகு வெடித்து வெள்ளைக் கோடு விழுகிறது. அந்தக் கோட்டின் வழியே ஈரம் இறங்கும். இதைச் சுருட்டித்தான் வைக்க வேண்டும், வெந்நீரில் அலசவே கூடாது என்பதைக் கடைக்காரர்கள் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கலாம். வெடித்த இடத்தை இரண்டு காகிதங்களுக்கு நடுவே வைத்து, இளஞ்சூட்டில் இஸ்திரி போட்டால் மெழுகு மறுபடி பரவிக்கொள்கிறது. சாதாரண பீடத்துணியைவிட விலை ஏறத்தாழ இருமடங்கு. ஆனாலும் கற்பீடம் உள்ள ஆலயங்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மரப்பீடம் என்றால் இது தேவையில்லை.