ரோலுக்கு நடுவே உள்ள தடிமன்: மூன்று கணக்குகளில் எது?

பாம்பன் பக்கம் அப்பா வல்லத்தில் போகும்போது நீரோட்டத்தை அளக்கக் கருவி கொண்டுபோவதில்லை. நங்கூரக் கயிற்றைப் பிடித்துப் பார்த்து, அதன் இழுப்பிலேயே ஓட்டத்தைச் சொல்லிவிடுவார். "சாஃப்ட் சென்சார்னா என்ன மாமா?" என்று தங்கை மகன் கேட்டபோது, "உன் தாத்தாவோட கைதான்" என்றேன். அளக்க முடிந்ததை வைத்து அளக்க முடியாததைக் கணக்கிடுவது.

உலோகத்தை உருளைகளுக்கு (ரோல்) நடுவே நசுக்கித் தகடாக்கும் ரோலிங் மில்லில் அப்படி நேரடி அளவுக்கு மாட்டாதது, ரோல்களுக்கு நடுவே நசுங்கும் தகட்டின் தடிமன். தடிமனை அளக்கும் எக்ஸ்ரே கேஜ் ஒன்றிரண்டு மீட்டர் தள்ளித்தான் நிற்கும். அது பிழையைச் சொல்வதற்குள் தகடு கடந்துவிடும்.

முதல் வழி, கேஜ்மீட்டர் கணக்கு. ரோல்கள் தகட்டை அழுத்தும் விசையை மில்லின் விறைப்பால் வகுத்து, விசை இல்லாதபோது வைத்த ரோல் இடைவெளியோடு கூட்டினால் தடிமன். மி.மீ.க்கு 500 டன் விறைப்புள்ள ஸ்டாண்ட் (ரோல்களும் அவற்றைத் தாங்கும் சட்டமும்), 1,000 டன் விசையில் 2 மி.மீ. விரிந்துகொடுக்கும். விசையை அளக்கும் லோடு செல் இருந்தால் பதில் உடனே கிடைக்கும். எனக்குப் பிடித்த வழி இதுதான். ஆனால் ஓர் இடத்தில் மோசமாக ஏமாற்றும். ரோல் மையம் விலகிச் சுற்றும்போது இடைவெளி குறைந்து தகடு மெலியும், விசையோ கூடும். கூடிய விசையைப் பார்த்த கணக்கு, தகடு தடித்துவிட்டது என்று நினைத்து இன்னும் இறுக்கச் சொல்லும். திருத்தப் போய்ப் பிழை பெருகும்.

இரண்டாவது வழி, உள்ளே போகும் உலோகம்தான் வெளியே வரும் என்ற நிறை ஓட்டக் கணக்கு. அதற்கு இந்தச் சிக்கல் இல்லை. நுழையும் தடிமனை நுழையும் வேகத்தால் பெருக்கி, வெளியேறும் வேகத்தால் வகுத்தால் போதும். அகலம் மாறாத குளிர் உருட்டலுக்கு (தகட்டைச் சூடாக்காமல் உருட்டுவது) யோசிக்காமல் இதையே எடுப்பேன். ஆனால் ரோலின் வேகத்தைத் தகட்டின் வேகமாகக் கொள்ளக் கூடாது. தகடு சற்று வேகமாக வெளியேறும். லேசர் வேகமானி வேண்டும், செலவுதான்.

அப்புறம், பழைய பதிவுகளில் பழக்கிய நியூரல் நெட்வொர்க். பழகிய எஃகில் நன்றாக வரும். புது கிரேடு (எஃகு வகை) வந்தால், கச்சான் காலம் மட்டுமே பார்த்தவனை வாடையில் கடலுக்கு அனுப்பிய கதை. அதனிடம் முழுத் தடிமனையும் கேட்காமல், கேஜ்மீட்டர் கணக்குக்கும் எக்ஸ்ரே அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கேட்பேன். ரோல் சூட்டில் விரிவதும் தேய்வதும் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கின்றன.

"ரெண்டும் ஒரே இடத்தோட அளவு இல்லையே மாமா?" என்றான். சரியான கேள்வி. கேஜ் 2 மீட்டர் தள்ளி இருந்து, தகடு நொடிக்கு 10 மீட்டர் ஓடினால், ரோலில் கணித்த எண்ணை 0.2 நொடி பிடித்து வைத்திருந்துதான் ஒப்பிட வேண்டும்.