எஃப்.ஆர்.பி. தொட்டி மூடியும் அதன் கீழே ஒரு கம்பிச் சட்டமும்: பயன்படுத்திப் பார்த்ததில் கண்டவை

சென்னைப் புறநகரில் தனி வீடு கட்டுபவர்கள், சம்ப் எனப்படும் தரைத்தொட்டியைப் பெரும்பாலும் கார் நிறுத்தும் இடத்துக்கு அடியிலேயே அமைக்கிறார்கள். குழந்தைகள் சைக்கிள் ஓட்டுவதும் பந்து விளையாடுவதும் அதே இடத்தில்தான். ஐந்தாறு அடி ஆழமும் வழவழப்பான சுவர்களும் கொண்ட, விழுந்தால் பற்றிக்கொள்ள எதுவுமில்லாத அந்தத் தொட்டிக்கும் குழந்தைக்கும் நடுவே இருப்பது ஒரு மூடி மட்டுமே. எங்கள் வீட்டில் துருப்பிடித்து விளிம்பு உதிரத் தொடங்கிய இரும்புத் தகட்டு மூடியை அகற்றி, எஃப்.ஆர்.பி. (நாரிழையால் வலுவூட்டிய பிளாஸ்டிக்) எனக் கடைகளில் சொல்லப்படும் நாரிழை மூடியைப் பொருத்தினோம்; அதற்குக் கீழே ஒரு கம்பிச் சட்டத்தையும் பட்டறையில் செய்து வாங்கினோம். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்த பிறகு இதை எழுதுகிறேன்.

முதலில் மூடி. இரண்டடிக்கு இரண்டடித் திறப்புக்கான இதன் விலை, மூடி உட்காரும் சட்டகத்தையும் சேர்த்து, 3,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வந்தது. வாங்கும்போது பார்க்க வேண்டியது நிறத்தையோ பளபளப்பையோ அல்ல, எத்தனை டன் தாங்கும் என்பதைத்தான். கான்கிரீட் மூடிகளுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 12592, அவற்றை 2.5, 10, 20, 35 டன் என வகுக்கிறது. நாரிழை மூடி விற்பவர்களும் ஏறக்குறைய அதே முறையில்தான் பேசுகிறார்கள். ஆட்கள் மட்டும் நடக்கும் இடத்துக்கு 2.5 டன் போதும். நின்றிருக்கும் சிறிய காரின் ஒரு சக்கரம் அரை டன்னைக்கூட எட்டாது என்பதால் காருக்கும் அதுவே போதும் என்று கடைக்காரர் வாதிட்டார். ஆனால் சக்கரம் உருண்டு ஏறும்போது எடை முழுவதும் ஒரு விளிம்பில் விழுகிறது. நாளடைவில் அந்த விளிம்பு கீறல் விட்டால், பிறகு குழந்தையின் எடையே அதற்கு அதிகமாகிவிடும். எனவே கார் ஏறும் இடத்துக்கு 10 டன் வகையே பொருத்தமானது என்பது என் கருத்து.

இந்த மூடியின் சிறப்பாக விளம்பரப்படுத்தப்படும் எடைக்குறைவுதான், குழந்தை உள்ள வீட்டில் அதன் பெரிய குறையும்கூட. அந்தக் காலத்து வார்ப்பிரும்பு மூடியைப் பெரியவர்களே இருவர் சேர்ந்துதான் நகர்த்த முடியும்; அதன் கனமே அதற்குப் பூட்டாக இருந்தது. இந்த மூடியையோ ஏழெட்டு வயதுப் பிள்ளை விரலை விட்டு நெம்பித் தூக்கிவிடலாம். ஆகவே பூட்டில்லாத எஃப்.ஆர்.பி. மூடியை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்கக் கூடாது. ஆழ்துளைக் கிணறுகளில் குழந்தைகள் விழுவதைத் தடுக்க உச்ச நீதிமன்றம் 2010-ல் வகுத்த விதிகள், கிணற்றின் வாயை இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும் அல்லது போல்ட்டால் முறுக்கிய உறுதியான மூடி போட வேண்டும் என்கின்றன. வீட்டுத் தொட்டிக்கும் அந்த அளவு கண்டிப்பு தேவை. எங்கள் மூடியில் எதிரெதிர் மூலைகளில் இரண்டு எவர்சில்வர் திருகுகள் உள்ளன. அறுகோணச் சாவியால் மட்டுமே அவற்றைத் திறக்க முடியும். திருகு இறங்கும் துளைக்குள் பித்தளைக் குழல் பதித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது, ஏனெனில் வெறும் நாரிழையில் வெட்டிய மரை விரைவில் தேய்ந்து திருகு சும்மா சுழலத் தொடங்கும். மணல் புகுந்து இறுகாமலிருக்க அவ்வப்போது சிறிது கிரீஸ் தடவ வேண்டியிருக்கிறது.

ஆனால் எந்தப் பூட்டும் மூடி திறந்திருக்கும் நேரத்தில் உதவாது. லாரித் தண்ணீர் இறங்கும்போதும், மோட்டார் பழுது பார்க்கப்படும்போதும், நீர்மட்டம் பார்க்கத் திறந்தவர் தொலைபேசி ஒலிக்க உள்ளே போகும்போதும் தொட்டி வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. நீரில் மூழ்கும் குழந்தை கூச்சலிட்டுக் காட்டிக்கொடுப்பது அரிது. அது பெரும்பாலும் ஓசையின்றியே நடந்து முடிகிறது. அதனால்தான், இந்தச் செலவு முழுவதிலும் உண்மையில் பயனுள்ளதாக நான் கருதுவது மூடியை அல்ல, அதற்கு அரையடி கீழே கீல் வைத்துப் பொருத்திய கம்பிச் சட்டத்தையே. லாரிக்காரர் குழாயை உள்ளே நுழைக்க வேண்டியதில்லை. சட்டத்தின் மேல் வைத்துக் கயிற்றால் கட்டிவிட்டால், நீர் இடைவெளிகள் வழியே இறங்கிவிடுகிறது. தொட்டியைக் கழுவ ஆள் இறங்கும் நாளில் மட்டும் சட்டத்தின் பூட்டைத் திறந்தால் போதும்.

பட்டறையில் முதலில் செய்து கொடுத்த சட்டத்தில் கம்பிகளுக்கு இடையே ஐந்து அங்குலம் விட்டிருந்தார்கள். கம்பி மிச்சமாகும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இருந்ததாகத் தெரியவில்லை. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் விளையாட்டுத் திடல் வழிகாட்டுதல், 3.5 அங்குலத்துக்கும் 9 அங்குலத்துக்கும் இடைப்பட்ட திறப்புகளைத் தலை சிக்கும் அபாயம் உள்ளவையாகக் கொள்கிறது. நாங்கள் அதைத் திருப்பி அனுப்பி, மூன்று அங்குல இடைவெளியில், 12 மில்லிமீட்டர் கம்பியில் செய்யச் சொன்னோம். முணுமுணுப்புடன் செய்தாலும் வேலை நேர்த்தியாகவே இருந்தது.

கம்பியின் தரத்தில்தான் ஏமாற இடமிருக்கிறது. குடிநீருக்கு மேலே பெயின்ட் அடித்த சாதாரண இரும்பு கூடாது. எவர்சில்வரில் 304 வகை ஈரத்தைத் தாங்கும். 202 வகை விலை குறைவு, விரைவில் பழுப்புக் கறை ஏறும். காந்தம் ஒட்டவில்லை என்று காட்டி 202-ஐ 304 என்று விற்கிறார்கள்; இரண்டிலுமே பொதுவாகக் காந்தம் ஒட்டாது என்பதால் அந்தச் சோதனைக்குப் பொருளில்லை. ரசீதில் வகையைக் குறிப்பிட்டு எழுதித் தரச் சொல்வதே வழி.

குறைகள் இரண்டு. நேர் வெயில் படும் பகுதியில் மூடியின் மேற்பரப்பு மங்கி, நார் இழைகள் மெல்ல வெளித்தெரிகின்றன. வெறுங்காலுடன் ஓடும் பிள்ளைகளுக்கு அது உறுத்தும் என்பதால் மேலே ஒரு பூச்சு கொடுக்க வேண்டியிருக்கும். விளிம்பின் ரப்பர் பட்டை ஒரு மூலையில் தளர்ந்துவிட்டது. நல்ல தண்ணீரில் முட்டையிடும் டெங்கு கொசுவுக்கு அந்த இடுக்கே போதும். பட்டையை மட்டும் தனியாகக் கேட்டபோது கடையில் இல்லையென்றுவிட்டார்கள்.

ஏற்கெனவே கனமான, விரிசலற்ற வார்ப்பிரும்பு மூடி வைத்திருப்பவர்கள் அதை மாற்றத் தேவையில்லை. அந்தப் பணத்தில் உள்ளே கம்பிச் சட்டம் மட்டும் போட்டுக்கொள்ளலாம். தகட்டு மூடி வைத்திருப்பவர்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்துகொள்வது நல்லது, ஏனெனில் சட்டகத்தைச் சிமென்ட்டில் பதித்த பிறகு கீலுக்கு இடம் தேடுவது சிரமம்.