பால்கனி தோட்டம் பேக்கேஜ்னு காசு கேட்டா கட்டுறதுக்கு முன்னாடி இத படிச்சிருங்க

பினாங்குல பிளாட்டுல இருந்துகிட்டு வீட்டுலயே நாலு கீர மிளகா வளக்கணும்னு நெனைக்கிறவங்களுக்கு தான் இந்த பதிவு. "வெயிலே வேணாம், எங்க லைட்டு இருந்தா போதும், தக்காளி மிளகா வெண்டக்கா எல்லாம் காய்க்கும்"னு சொல்லி ஒரு ஆளு ரேக், மண்ணு, செடி, லைட்டுனு மொத்தமா விக்கிறாரு. எங்ககிட்ட 480 வெள்ளி (ரிங்கிட்) வாங்குனாரு. கேஸ் போய்கிட்டு இருக்கு, அதனால பேர போடல.

எங்க வீடு ஜெலுத்தோங் பக்கம், மேல் மாடி, பால்கனி வடக்க பாத்தது, எதுக்கால இன்னொரு பிளாக். அம்மாவுக்கு முட்டி வலி, அடிக்கடி கீழ இறங்கி பசாருக்கு போக முடியல, கைக்கு எட்டுற தூரத்துல கருவேப்பிலையும் பச்சமிளகாயும் இருந்தா அவங்களுக்கு சந்தோஷமா இருக்கும்னு தான் வாங்குனோம். அந்த ஆளு நேர்லயே வந்தாரு, போன்ல ஏதோ ஆப்ப தொறந்து வெளிச்சத்த அளந்து "நல்ல எடம்க்கா"னு சொல்லிட்டு அன்னைக்கே காச வாங்கிட்டாரு. அது டிசம்பர் மாசம். நம்ம பினாங்கு பூமத்திய ரேகைக்கு 5 டிகிரி வடக்க இருக்கு, ஏப்ரல்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் சூரியன் நமக்கு வடக்கு பக்கமா போகும், அக்டோபர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் தெக்கால போகும், அப்ப வடக்கு பால்கனியில டிசம்பர்ல நேர் வெயில் எப்படி விழும்? தோட்டம் போட்டு குடுக்குறது தான் தொழில்னு சொல்ற ஆளு இத சொல்லியிருக்கணுமா இல்லையா.

லைட்டு பெட்டியில 1000 வாட்னு பெருசா அச்சடிச்சிருக்கு. செடிங்க என்னடான்னா நூலு மாதிரி நீட்டமா வளந்து சாயுது, மிளகா பூக்கவே இல்ல, தக்காளி எல மஞ்சளாயிருச்சு. எங்க அண்ணன் ஒயரிங் வேல பாக்குறவரு, கரண்டு பில்ல பாத்துட்டு அவரு தான் கேட்டாரு, நெஜமாவே 1000 வாட்டுனா ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடுனா 12 யூனிட், மாசத்துக்கு 360 யூனிட், பில்லு நூறு வெள்ளிக்கு மேல ஏறியிருக்கணுமே, ஏன் அப்படியே இருக்குனு. பிளக்குல மாட்டுற மீட்டர் கொண்டாந்து வச்சு பாத்தா 18 வாட்! அந்த 18 வாட்ட வச்சு மூணு தட்டு ரேக்குல காய் காய்க்க வைக்க முடியாது.

அதவிட எனக்கு வயித்த கலக்குனது அந்த ஒயரு தான். ரெண்டு பின் பிளக்கு, அத லொடலொடனு ஆடுற ஒரு அடாப்டர்ல சொருகி குடுத்திருக்காரு, சிரிம் ஸ்டிக்கர் (பாதுகாப்பு சோதன பண்ணதுக்கான முத்திர) எதுலயும் இல்ல, ஒரு மணி நேரம் ஓடுனாலே தொட்டா சுடுது, மேல தொட்டியில இருந்து தண்ணி சொட்டுற எடம் வேற. அம்மா பகல் முழுக்க வீட்டுல தனியா இருக்காங்க. அண்ணன் அன்னைக்கே கழட்டி போட்டுட்டாரு.

கருவேப்பில செடின்னு குடுத்தது வேரே இல்லாத குச்சி, மண்ணுல நட்டு வச்சிருந்தாங்க, வெட்டுன குச்சியில கருவேப்பில லேசுல வேர் விடாது. வாங்கும்போது தண்ட மெதுவா ஆட்டி பாருங்க, வேர் இருந்தா தொட்டி மண்ணோட சேந்து அசையும், குச்சியா இருந்தா கையோட வந்துரும்.

இதெல்லாம் வாசாப்ல கேட்டதுக்கு அவரு சொன்ன பதிலு "தண்ணி ஜாஸ்தி ஊத்திட்டீங்க, உங்க அம்மாவுக்கு கைராசி இல்ல போல". எஸ்டேட் லயத்துல வீட்டு பின்னாடி முருங்கையும் பாவக்காயும் மரவள்ளியும் போட்டு எங்கள வளத்தவங்க அவங்க, அவங்க கைய பத்தி பேச இவரு யாரு? அம்மா அதுக்கப்புறம் அந்த ரேக் பக்கமே போகல. காச விட இது தான் எனக்கு ஆறவே இல்ல.

எடம் கம்மியா இருக்கிறவங்க முதல்ல மழ மூட்டம் இல்லாத ஒரு நாளு பால்கனியில எத்தன மணி நேரம் நேர் வெயில் விழுதுனு பாருங்க. மிளகா, தக்காளி, வெண்டக்காய்க்கு 6 மணி நேரமாச்சும் வேணும். மூணு நாலு மணி நேரம் தான்னா பாயாம், சாவி, கங்கோங் மாதிரி கீரைங்க வரும். நேர் வெயில் ரொம்ப கம்மி ஆனா வெளிச்சம் இருக்குனா புதினாவும் பண்டானும் தாங்கும். லைட்டு வாங்குனா பெட்டியில இருக்கிற நம்பர நம்பாதீங்க, கரண்டு எத்தன வாட் இழுக்குதுனு கேளுங்க, மீட்டர்ல போட்டு காட்ட மாட்டேன்னா விட்டுருங்க.

நாங்க திரிபுனல் துந்துத்தான் பெங்குனால (பயனீட்டாளர் புகார விசாரிக்கிற மன்றம்) கேஸ் போட்டாச்சு. கட்டணம் 5 வெள்ளி தான், வக்கீல் தேவையில்ல, 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், நடந்து 3 வருஷத்துக்குள்ள போடணும். கேஸ் போட்டது தெரிஞ்சதும் அவரு மெசேஜ டிலீட் பண்ண ஆரம்பிச்சிட்டாரு, நல்ல வேள முன்னாடியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருந்தேன். இதே மாதிரி பேக்கேஜ் வாங்கி ஏமாந்தவங்க யாராச்சும் இருந்தா ரசீத பத்திரமா வைங்க, லைட்டு பெட்டிய தூக்கி போட்டுறாதீங்க, 1000 வாட்னு அவரு வித்ததுக்கு சாட்சி அந்த அட்ட பெட்டி தான்.