ஏற்காடு பஸ்ஸில் பதினாலு வருஷம் மென்ற சூயிங்கம்

போன சனிக்கிழமை சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறையில் 350 ரூபாய் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். காரணம் ஒரு ரூபாய் சூயிங்கம். அன்றைக்கு ராத்திரியே கரூரிலிருந்து நண்பன் போன். "மே மாசம் கோடை விழாவுக்கு ஏற்காடு வர்றோம்டா, போன தடவை மலையில பையனுக்குக் காது அடைச்சு ஒரே அழுகை. நீதான் தினமும் மென்னுக்கிட்டே போறியே, எந்த சூயிங்கம் வாங்கலாம்?" கேட்ட நேரம் சரியில்லை. ரெண்டு வார்த்தை திட்டிவிட்டு வைத்துவிட்டேன். இப்போது கொஞ்சம் ஆறியிருக்கிறது, அதனால் நியாயமாகவே எழுதப் பார்க்கிறேன்.

எனக்கு வீடு அஸ்தம்பட்டியில், வேலை ஏற்காட்டில். பதினாலு வருஷமாக ஞாயிறு தவிர தினமும் பஸ்ஸில் ஏறி இறங்குகிறேன். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று கணக்குப் போட்டால் எட்டாயிரம் சூயிங்கத்துக்கு மேல் மென்றிருப்பேன். அதில் பாதி நானாக வாங்கியதுகூட இல்லை, மூணு ரூபாய் சில்லறை இல்லாத கடைக்காரர்கள் கையில் திணித்தது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். காதடைப்புக்கு இதைப் போல ஒன்று கிடையாது. ஆனால் எல்லாரும் தப்பான நேரத்தில் மெல்லுகிறார்கள். அடிவாரம் வந்ததும் பஸ்ஸே ஒன்றாக வாயில் போடும், உச்சிக்குப் போனதும் துப்பிவிடும். உண்மையில் ஏறும்போது காதுக்குப் பெரிய கஷ்டம் இல்லை. வெளியே அழுத்தம் குறையக் குறைய, நடுக்காதில் இருக்கும் காற்று தானாகவே தொண்டைப் பக்கம் இருக்கும் சின்னக் குழாய் வழியாக வெளியேறிவிடும். இறங்கும்போதுதான் சிக்கல். வெளியழுத்தம் கூடும், அந்தக் குழாய் அமுங்கி ஒட்டிக்கொள்ளும், நாம் எச்சில் விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோதான் திறக்கும். மெல்லும்போது எச்சில் ஊறுகிறது, விழுங்குகிறோம், அவ்வளவுதான் விஷயம். சேலத்தைவிட ஏற்காட்டில் காற்றழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. நம்பவில்லை என்றால் ஏற்காட்டுக் கடையில் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டைப் பாருங்கள், ஊதி வெடிக்கிற மாதிரி இருக்கும். மேலே குடித்து முடித்து மூடிய காலி தண்ணி பாட்டில் கோரிமேடு வருவதற்குள் யாரோ மிதித்த மாதிரி நசுங்கிக் கிடக்கும்.

அதனால் நான் சாயங்கால சூயிங்கத்தை பஸ் கிளம்பியதும் போடுவதில்லை. கீழே இறங்க ஆரம்பித்து ரெண்டு மூணு கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் போடுவேன். பதினாலாவது வளைவுக்கும் பத்தாவது வளைவுக்கும் நடுவில் எங்கேயோ ஒரு 'டப்'. அதுவரை கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்த கண்டக்டர் குரல் அப்படியே பக்கத்தில் வந்துவிடும். அந்த ஒரு 'டப்'புக்காக எட்டாயிரம் தடவை மன்னித்திருக்கிறேன்.

ருசி பற்றி என்ன சொல்ல. காலையில் முதல் வளைவில் போட்டால் நாலாவது வளைவில் ரப்பர். அடிவாரத்திலிருந்து மொத்தம் இருபது வளைவு, மிச்சம் பதினாறும் வெறும் தாடை உடற்பயிற்சி. ரொம்ப நாளாக, புதினாவைக் கம்மியாகப் போட்டு ஏமாற்றுகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் ஏற்காட்டு டீக்கடையில் மென்றுகொண்டே நின்றபோது, கிளாஸ் அடியில் கரையாமல் கிடந்த சர்க்கரையை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். செத்துப்போன புதினா திரும்பி வந்துவிட்டது! அதாவது புதினா எங்கும் போகவில்லை, முதல் அஞ்சு நிமிஷத்தில் கரைந்து போனது சர்க்கரைதான், இனிப்பு போனால் நாக்கு புதினாவையும் கணக்கில் எடுப்பதில்லை. அன்றைக்குப் பெரிய விஞ்ஞானி மாதிரி உணர்ந்தேன். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை வேறு மாதிரி இருந்தது.

இன்னொரு சோதனை, இது வேண்டுமென்று செய்தது அல்ல. ஏரிப் பக்கம் மிளகாய் பஜ்ஜி வாங்கி, வாயில் சூயிங்கம் இருப்பதை மறந்து கடித்துவிட்டேன். நாலு மெல்லில் அது குழைந்து, அப்புறம் மணல் மணலாக உதிர்ந்து, பஜ்ஜியோடு உள்ளே போயே போய்விட்டது. எண்ணெய் பட்டால் இந்தப் பிசின் இளகிவிடும். தலைமுடியில் ஒட்டினால் அம்மாக்கள் தேங்காய் எண்ணெய் தடவுவதும் இதனால்தான். விழுங்கினால் ஏழு வருஷம் வயிற்றில் ஒட்டிக்கிடக்கும் என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் பயமுறுத்துவார்கள், அதெல்லாம் இல்லை, செரிக்காதே தவிர மற்றதோடு சேர்ந்து வெளியே போய்விடும்.

சரி, இப்போது என் கோபத்துக்கு வருகிறேன்.

மென்று முடித்ததை எங்கே போடுவது? பதினாலு வருஷமாக எனக்கு இருக்கிற ஒரே பிரச்சினை இதுதான், இதற்கு எந்தக் கம்பெனியும் பதில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை. ஒரு ரூபாய் சூயிங்கத்தின் உறையைப் பல்லால் கிழித்தால் ரெண்டாகப் பிளந்து வழவழவென்று கையில் நிற்கும், அதில் எதையும் மடிக்க முடியாது, மடித்தாலும் பிரிந்துகொள்ளும். டப்பாவில் வரும் விலை கூடின சூயிங்கம் இன்னும் மோசம், மாத்திரை மாதிரி கொட்டும், உறையே கிடையாது. பழைய நீளப் பட்டை சூயிங்கத்தில் உள்ளே வெள்ளித்தாளும் மேலே ஒரு தாளும் இருக்கும், அதைச் செய்தவன் சூயிங்கம் மென்றவன். மற்றவை எல்லாம் விற்கத் தெரிந்தவர்கள் செய்தது.

ஜன்னல் வழியாக எறியலாமே என்பீர்கள். மலைப்பாதை முழுக்கக் குரங்கு, எது விழுந்தாலும் எடுத்து மோந்து பார்க்கும். அதுவும் இது மக்குகிற சாமான் இல்லை. ஒரு காலத்தில் சப்போட்டா மரத்துப் பாலிலிருந்து எடுத்தார்கள். மெக்சிகோவிலிருந்து வந்த அந்தப் பிசினை வைத்து நியூயார்க்கில் தாமஸ் ஆடம்ஸ் என்பவர் ரப்பர் செய்யப் பார்த்து, அது நடக்காமல் போனதும் மெல்லுகிற சரக்காக்கி விற்றார், 1871இல் இயந்திரத்துக்குக் காப்புரிமையும் வாங்கினார். நம் வீட்டுச் சப்போட்டாக் காயைக் கீறினால் பிசுபிசுவென்று வருமே, கிட்டத்தட்ட அதே பால்தான். இப்போது பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வரும் பிளாஸ்டிக், ரப்பர் வகைகள். சிங்கப்பூரில் 1992இல் விற்பனையைத் தடை செய்தார்கள், ரயில் கதவில் ஒட்டிக் கதவு மூடாமல் போனதும் அதற்கு ஒரு காரணம். படித்தபோது சிரித்தேன், இப்போது சிரிப்பதில்லை.

அதனால் என் வழக்கம், பஸ் டிக்கெட்டில் மடித்துச் சட்டைப் பையில் வைப்பது. மெஷினில் கிழித்துத் தரும் அந்த மெல்லிய தாள் இதற்கென்றே செய்த மாதிரி இருக்கும். போன மாதம் ஒரு சாயங்காலம் என் மனைவியும் கூட வந்தாள், மேலே சொந்தக்காரர் வீட்டு விசேஷம். காது திறந்துவிட்டது, வேலை முடிந்தது, டிக்கெட்டில் மடித்தாகிவிட்டது. அடிவாரத்தில் செக்கர் ஏறினார். "டிக்கெட்டுங்க சார்."

பிரித்தேன். பாதி எழுத்து சூயிங்கத்தோடு வந்துவிட்டது. அவர் ரெண்டு விரலால் ஓரத்தைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். அந்தக் குழப்பத்தில் உருண்டை கீழே விழுந்ததை நான் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் கழித்து, "ஏங்க, இது என்னங்க கால்ல?" என்று குரல். கல்யாணத்துக்கு அவள் வீட்டில் போட்ட கொலுசு, இடது காலில், சரியாகத் திருகாணியில். சேலத்துக்காரிக்கு நகை எது போனாலும் பரவாயில்லை, கொலுசு மட்டும் கூடாது. ஐஸ் கட்டி வைத்தேன், குளிர்ந்தால் இறுகி உதிரும் என்பது உண்மைதான், மேலே இருந்தது பொட்டுப் பொட்டாக வந்துவிட்டது. மரைக்குள் போனது வரவில்லை, திருகும் சுற்றவில்லை. மூணு வாரம் அவள் கொலுசைக் கழற்ற முடியாமல் நடந்தாள், ஒவ்வொரு சலங்கைச் சத்தமும் என்னைக் கேள்வி கேட்கிற மாதிரியே இருந்தது.

பட்டறைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அவள் காலை முக்காலியில் வைக்கச் சொல்லிப் பார்த்தார். "அரக்கு வேலை யாருங்க சார் பண்ணது, நல்லா அடைச்சிருக்காங்க." மண்ணெண்ணெய் தொட்டு ஊசியால் நோண்டி நோண்டித் திருகைக் கழற்றினார், அப்புறம் கொலுசைப் பூந்திக்கொட்டைத் தண்ணியில் போட்டு பிரஷ்ஷால் தேய்த்தார். நெருப்பு காட்டினால் கரியாகி உள்ளேயே இறங்கிவிடுமாம். முக்கால் மணி நேர வேலை. 350 ரூபாய்க்கு எனக்கு ஏழு மாசத்து சூயிங்கம் வந்திருக்கும்.

ஆக நண்பனுக்குப் பதில். உன் பையனுக்கு நாலு வயசு, சூயிங்கமே வேண்டாம், தொண்டையில் சிக்கினால் மலையில் யாரைத் தேடுவாய்? இறங்கும்போது ஸ்ட்ரா போட்ட தண்ணி பாட்டிலைக் கொடு, வளைவுக்கு ஒரு வாய் உறிஞ்சட்டும், தூங்கினால் எழுப்பிவிடு. உங்கள் ரெண்டு பேருக்கும் இஞ்சி மரப்பா போதும், அதிலும் எச்சில் ஊறும், வாந்திக்கும் நல்லது, சப்பி முடித்தால் தடயம் இருக்காது. காதைத் திறக்கிற விஷயத்தில் சூயிங்கத்துக்கு நூற்றுக்கு நூறு போடுவேன், பதினாலு வருஷத்தில் ஒருநாளும் கைவிட்டதில்லை, ஆனாலும் வாங்காதே.

எப்படியும் நீ வாங்குவாய், கடைக்காரர் சில்லறைக்குப் பதிலாவது கொடுத்துவிடுவார். அப்படியென்றால் பழைய பேப்பரில் நாலு துண்டு கிழித்துப் பையில் வைத்துக்கொள். டிக்கெட்டைத் தொடாதே.