டொட் எல்கே என்று சொல்லி விற்கப்பட்ட முகவரி

எங்கள் பனங்கட்டி, புழுக்கொடியல் வியாபாரத்துக்கு இணையத்தளம் அமைத்துத் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் 2 ஆண்டுகளுக்கு முன்னர் 48,000 ரூபா கொடுத்து ஏமாந்தேன். "அண்ணை, உங்களுக்கு டொட் எல்கே முகவரியே எடுத்துத் தாறன், வெளிநாட்டுச் சனம் பார்த்த உடனேயே இலங்கைக் கடை எண்டு நம்பும்" என்பது அவருடைய வாக்கு. டொட் எல்கே (.lk) என்பது இணைய முகவரியின் முடிவில் வரும் இலங்கையின் குறியீடு.

அவர் தந்த முகவரியில் எல்கே இருந்தது உண்மைதான். முதலில் எங்கள் கடைப் பெயர், அடுத்து எல்கே, அதன்பின் அவருடைய நிறுவனத்தின் பெயர், கடைசியில் கொம் (.com) எனப் புள்ளிகளால் பிரிக்கப்பட்டிருந்த அதனை இடப்பக்கமிருந்து வாசித்த நான், எங்கள் பெயரும் நாட்டின் குறியீடும் அருகருகே நிற்பதைக் கண்டு திருப்தியடைந்து, பொதிகளுக்கான சுட்டுத்துண்டுகளையும் அச்சடித்துவிட்டேன்.

கடந்த நல்லூர்த் திருவிழாக் காலத்தில், வியாபாரம் சூடாக இருக்கும் நாட்களில், தளம் திறக்கவில்லை. அவருடைய நிறுவனம் மூடப்பட்டிருந்தது, தொலைபேசிக்கும் பதிலில்லை. எல்கே பெயர்களைப் பதியும் நிறுவனத்தின் தளத்தில் மகள் தேடிப் பார்த்தபோது, எங்கள் கடைப் பெயரை அங்கே எவரும் எக்காலத்திலும் பதிந்திருக்கவில்லை என்பதும், அது இன்னமும் விற்பனைக்குக் கிடக்கிறது என்பதும் தெரியவந்தன.

இணைய முகவரியின் உரிமையை வலப்பக்கக் கடைசியிலிருந்துதான் வாசிக்க வேண்டும். தபால் உறையிலும் நாட்டின் பெயர் கடைசி வரியில்தானே வருகிறது. நடுவில் இலங்கை என்றும் கடைசியில் கனடா என்றும் எழுதினால் கடிதம் கனடாவுக்கே போகும். 1990 முதல் இலங்கைக்குரியதாக இருக்கும் எல்கே, இறுதிப் புள்ளிக்குப் பின்னால் நின்றால்தான் நாட்டின் குறியீடு. கொம் டொட் எல்கே என முடிவதும் அந்தப் பதிவுக்குள் அடங்கும், கவ் டொட் எல்கே (gov.lk) அரச நிறுவனங்களுக்குரியது. ஆனால், கொம் என முடியும் ஒரு பெயரைப் பதிந்தவர், அதன் இடப்பக்கத்தில் எல்கே என்றோ வேறெதையோ எவருடைய அனுமதியுமின்றி எழுதிக்கொள்ளலாம். எனக்கு விற்கப்பட்டது அவருடைய வீட்டுக்குள் ஓர் அறை மட்டுமே. வீடு போனதும் அறையும் போயிற்று.

ஆகவே, பணம் கொடுக்குமுன் முகவரியின் கடைசித் துண்டைப் பாருங்கள், பதிவு நிறுவனத்தின் தேடலில் அந்தப் பெயரைத் தட்டச்சிட்டுப் பாருங்கள். உண்மையாகவே பதியப்பட்டிருந்தாலும், பதிவு உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் இருக்கிறதா, அமைத்தவரின் பெயரில் இருக்கிறதா என்று கேளுங்கள். அவருடைய பெயரில் இருந்தால் புதுப்பிப்பதும் விற்பதும் அவர் விருப்பம். பதிவு நிறுவனத்தின் பற்றுச்சீட்டைக் கேட்காமல், அமைத்தவர் தன் கைப்பட எழுதிய துண்டை நான் வாங்கி வைத்திருந்தேன்.

இப்போது சரியான டொட் எல்கே முகவரியை என் பெயரிலேயே பதிந்துவிட்டேன். எஞ்சிய சுட்டுத்துண்டுகளில் பழைய முகவரியை மகள் பேனையால் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருக்கிறாள்.